எடை குறைக்கும் ஆபரேஷன்: கையெழுத்துப் போடும் முன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)



"உடம்பைக் குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்றாங்களாமே, குழுவுல கடன் எடுத்துப் பண்ணிக்கலாமா?" என்று ஒரு சகோதரி கேட்டார். சிலர் சிரித்தீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லைங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடையுடன் இருக்கிறார்கள். 2015-16ல் இது 31 ஆக இருந்தது. பட்டணத்து நோய் என்று இனி ஒதுக்க முடியாது.

இந்த ஆபரேஷன் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அல்ல. அழகுக்குச் செய்வதும் அல்ல. இதில் இரண்டு முறைகள் முக்கியமானவை. ஒன்று, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாய் போல ஆக்குவது. இன்னொன்று, இரைப்பையைச் சின்னப் பை போல ஆக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும், பசியும் குறையும். பலருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தூக்கத்தில் மூச்சடைப்பு இவை நன்றாகக் கட்டுப்படுகின்றன.

அப்படியானால் எல்லோரும் செய்துகொள்ளலாமா? கூடாது. உங்கள் எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) வகுத்து, வந்ததை மறுபடியும் உயரத்தால் வகுங்கள். நம் நாட்டில் டாக்டர்கள் வெகுகாலம் பின்பற்றிய கணக்கில் அது 37.5க்கு மேல் இருக்க வேண்டும். சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5. 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு இது 84 கிலோ, 73 கிலோ என்று வரும். 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இந்த அளவை இன்னும் குறைத்திருக்கிறது. ஆனாலும் அஞ்சாறு கிலோ கூடிப்போன அக்காவுக்கு இது தேவையில்லை. சாப்பாடு, நடை, மருந்து எல்லாம் பார்த்தும் குறையாமல், உடம்பு கெட்டுக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் இது.

ஆபத்தும் உண்டு. ரத்தக்கசிவு, தையல் போட்ட இடத்தில் ஒழுகுதல், காலில் ரத்தம் உறைதல் வரலாம். அனுபவமுள்ள இடத்தில் உயிராபத்து குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இந்த ஆபரேஷனுக்காகப் போன இளைஞர் இறந்துபோனார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

ஆபரேஷனோடு வேலை முடிந்துவிடாது. இரும்பு, சுண்ணாம்பு, பி-12 சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. குடலை இணைத்தவர்கள் நம்ம ஊர் மண்டி வெல்லத்தைப் போட்டு ஒரு டம்ளர் காபி குடித்தாலே படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். கட்டுப்பாடு போனால் எடையும் திரும்ப ஏறும்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எனக்கு எந்த முறை, ஏன்?
2. தைராய்டு, சர்க்கரை, இருதயப் பரிசோதனை செய்தாயிற்றா?
3. இங்கே இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவசரத்துக்கு ஐசியு இங்கேயே இருக்கிறதா?
4. மருந்து, மறுபரிசோதனை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

பதில் சொல்லாமல் "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடன் எடுக்கும் முன், முதலில் பழனி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று 1800 425 3993 எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். கறவை மாட்டுக்கு வாங்கிய கடனைப் பால் அடைக்கும். இந்தக் கடனை யார் அடைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. குண்டாக இருப்பவரைக் கேலி பண்ணாதீர்கள். பரம்பரை, தைராய்டு, சில மருந்துகள், தூக்கமின்மை என்று காரணம் பல. கேலிக்குப் பயந்து ஆபரேஷனுக்குப் போகிறவரும் உண்டு. வெட்கப்பட்டு டாக்டரிடமே போகாதவரும் உண்டு. இரண்டுமே ஆபத்து. அடுத்த கூட்டத்துக்கு எடை மிஷினும் டேப்பும் கொண்டு வருகிறேன். இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் இருப்பவர்கள் அன்றைக்கே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளலாம்.