ஓட்டியின் வெற்றியா, வண்டியின் வெற்றியா?

மணப்பாறை என்றதும் பலருக்கு முறுக்கு நினைவுக்கு வரும். உழவர்களுக்கு மாடு நினைவுக்கு வரும். மோட்டார்ப் பந்தயம் ஒருவருக்கும் நினைவுக்கு வராது. வருவதற்குக் காரணமும் இல்லை. எங்கள் ஊரைச் சுற்றிப் பந்தயத் தடம் எதுவும் கிடையாது. மேற்கே கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் ஒன்று உண்டு. வடக்கே சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் கார்த்திகை மாதம் முதிர்ந்து, ஃபார்முலா ஒன் என்னும் உலகப் பந்தயத்தின் பருவம் முடிவுறும் வேளையில், சந்தைப்பேட்டைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் கல்லூரி மாணவர்கள் கூடி நடத்தும் வழக்கு மிகவும் சுவையானது. எந்த ஓட்டி சிறந்தவர், எந்த அணி சிறந்தது, யாருக்குக் கிடைத்த பட்டம் நியாயமானது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். நானும் பலமுறை அருகில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். அவ்வழக்கைச் சற்று ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வழக்கின் வேர் ஒரே கேள்விதான். வென்றது ஓட்டியா, வண்டியா?

உலகப் பந்தயத்தை நடத்துவோரே இக்கேள்விக்கு ஒரு விடை சொல்லவில்லை. இரண்டு பட்டங்களை ஏற்படுத்திவிட்டு நழுவிக்கொண்டார்கள். ஓட்டிகளுக்கான உலகப் பட்டம் 1950-ஆம் ஆண்டில் தோன்றியது. வண்டியை உருவாக்கும் அணிகளுக்கான பட்டம் 1958-ஆம் ஆண்டில் தோன்றியது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போவதே பெரும்பாலான வழக்கம் என்றாலும், எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2021-இல் ஓட்டிப் பட்டம் ரெட் புல் அணியின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குச் சென்றது. அணிப் பட்டமோ மெர்சிடிஸ் அணிக்குச் சென்றது. 2024-இலும் வெர்ஸ்டாப்பனே வென்றார். அணிப் பட்டத்தை மக்லாரன் கொண்டுபோயிற்று.

இரண்டு பட்டங்களும் முதன்முதலாகச் சேர்ந்து வழங்கப்பட்ட 1958-ஆம் ஆண்டே இவ்வழக்குக்கு மிகச் சிறந்த சான்றாக அமைந்துவிட்டது. அவ்வாண்டு ஸ்டிர்லிங் மாஸ் என்ற ஆங்கிலேயர் நான்கு பந்தயங்களில் வென்றார். அவர் நாட்டவரான மைக் ஹாதார்ன் வென்றது ஒரே ஒரு பந்தயம். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது ஹாதார்னுக்கு 42 புள்ளிகள், மாஸுக்கு 41. பட்டம் ஹாதார்னுக்கே. மாஸ் பெரும்பாலும் ஓட்டிய வான்வால் அணி அணிப் பட்டத்தைப் பெற்றது. அவ்வணியின் தலைசிறந்த ஓட்டியோ வெறுங்கையோடு நின்றார்.

இதில் வியப்பு இத்துடன் முடியவில்லை. அவ்வாண்டு போர்ச்சுகல் நாட்டுப் பந்தயத்தில் ஹாதார்ன் வண்டி நின்றுபோயிற்று. அதை மீண்டும் கிளப்புகையில் எதிர்த்திசையில் ஓட்டினார் என்று சொல்லி, அவருடைய புள்ளிகளைப் பறிக்க நடுவர்கள் முனைந்தார்கள். அப்போது ஹாதார்னுக்காக நடுவர்முன் சென்று சாட்சி சொன்னவர் யார்? பட்டத்துக்குப் போட்டியாளரான மாஸ்தான்! ‘அவர் வண்டியைச் செலுத்தியது தடத்தின்மேல் அன்று, நடைபாதையின்மேல்’ என்று எடுத்துரைத்தார். ஹாதார்னின் புள்ளிகள் தப்பின. அப்பந்தயத்தில் அவர் பெற்றவை ஏழு புள்ளிகள். மாஸ் பட்டத்தை இழந்ததோ ஒரு புள்ளியால். மாஸ் பின்னும் சில ஆண்டுகள் ஓட்டினார். மொத்தம் 16 பந்தயங்களில் வென்றார். உலகப் பட்டம் மட்டும் அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை. ஹாதார்னோ பட்டம் பெற்றவுடன் ஓய்வு பெற்று, 1959 ஜனவரியில் சாலை விபத்தொன்றில் மாண்டார். புள்ளிப் பட்டியலில் இவையெல்லாம் இரண்டு எண்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். தேநீர்க் கடையில் குரல் உயர்வதும் இங்கேதான்.

தமிழ்நாட்டில் மோட்டார்ப் பந்தயம் நேற்று முளைத்ததன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கிடந்தது. அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953-இல் தோன்றியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் என்பவர் மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் சிறு பந்தய வண்டிகளை உருவாக்கினார். இவருடைய தொண்டு நாம் அறிந்ததைவிடப் பெரிது என்பது என் கருத்து. செல்வர்கள் வெளிநாட்டு வண்டிகளை வரவழைத்து ஓட்டிய ஆட்டத்தில், எல்லாரும் ஏறத்தாழ ஒரே வகை வண்டியில் மோதும் நிலையை அவர் கொண்டுவந்தார். 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். செட்டிபாளையத் தடம் அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது.

அதே கோவையிலிருந்து எழுந்தவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ஆம் ஆண்டில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் என்ற பெயரைப் பெற்றார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தடத்தில் நான்காம் இடத்தில் முடித்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

‘உலகில் நான்காமவர்!’ என்று ஒரு கட்சி மார்தட்டும். ‘எத்தனை வண்டிகளில் நான்காமவர்? அதைச் சொல்’ என்று மறு கட்சி மடக்கும். நடந்தது இதுதான். அத்தடத்தின் சரிந்த பெருவளைவின் அழுத்தத்தை மிஷெலின் நிறுவனத்தின் டயர்கள் தாங்கமாட்டா என்பது ஓட்டப் பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. ஆகவே அந்த டயர் பூட்டிய 14 வண்டிகளும் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டன. ஓடியவை ஆறே வண்டிகள். மூன்று அணிகள்; அணிக்கு இரண்டு. ஃபெராரி இரண்டும் முன்னே; ஜோர்டான் இரண்டும் அடுத்து; மினார்டி இரண்டும் பின்னே. வண்டிகளின் தரவரிசை எதுவோ அதுவே முடிவின் வரிசையும் ஆயிற்று. பெருமை பேசுவோரும் ஏளனம் செய்வோரும் இந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை. நரேனின் திறமையைப் பற்றி அந்த நாள் நன்மையாகவும் சொல்லவில்லை, தீமையாகவும் சொல்லவில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? இங்கேதான் எங்கள் சந்தை கைகொடுக்கிறது. மாடு வாங்க வருபவர் விற்பவர் சொல்லை நம்புவதில்லை. பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். இவ்வளவும் பார்த்த பின்னும் கெட்டிக்காரர்கள் ஒன்று செய்வார்கள். பழகிய மாடொன்றுடன் ஒரே நுகத்தில் பூட்டிப் பார்ப்பார்கள். எந்த மாடு இழுக்கிறது, எது பின்வாங்குகிறது என்பதை நுகத்தடியே காட்டிக்கொடுத்துவிடும். பந்தயத்திலும் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஓட்டிகள். இருவருக்கும் ஒரே வகை வண்டி. ஆகவே ஓர் ஓட்டியை அளக்க, தொலைவில் ஓடும் ஃபெராரியைப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய நுகத்துணையைப் பார்த்தால் போதும்.

இந்த அளவுகோலை நரேனுக்கு வைப்போம். 2005-இல் அவருடைய துணை போர்ச்சுகல் நாட்டு தியாகோ மொந்தெய்ரோ. இண்டியானாபொலிஸில் மொந்தெய்ரோ நரேனுக்கு முன்னே மூன்றாம் இடம் பெற்றார். பின்னர் பெல்ஜியத்தில் ஒரு புள்ளியும் ஈட்டினார். பருவ முடிவில் அவருக்கு ஏழு, நரேனுக்கு ஐந்து. இது நரேனுக்குப் பாதகமான சான்று, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டு ஜப்பானில் சுசுகா தடத்துத் தகுதிச் சுற்றில் நரேன் பதினொன்றாம் இடம் பிடித்தார். ஜோர்டான் வண்டிக்கு அது எட்டாத உயரம். உடனே துள்ளிக் குதித்துவிடாதீர்கள். அன்று ஒருவர்பின் ஒருவராகத் தனித்தனியே ஓடினார்கள். மழை பின்னர் வலுத்ததால் கடைசியில் ஓடிய வலியோர் பலர் பின்தங்கினர். முன்னேறியதில் ஓட்டியின் கைத்திறனும் உண்டு, மேகத்தின் தயவும் உண்டு.

2011-இல் தில்லிக்கு அருகே முதல் இந்தியப் பந்தயம் நடந்தது. அதில் நரேன் ஹிஸ்பானியா என்ற எளிய அணிக்காக ஓட்டிப் பதினேழாம் இடத்தில் முடித்தார். பதினேழு என்றால் யார் கைதட்டுவார்? ஆனால் பதினெட்டாம் இடத்தில் அதே அணி வண்டியில் வந்தவர் டேனியல் ரிக்கார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞர். அவர் பிற்காலத்தில் எட்டுப் பந்தயங்களில் முதலிடம் பெற்றவர். இண்டியானாபொலிஸின் நான்காம் இடத்தைவிட இந்தப் பதினேழாம் இடத்தையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ரிக்கார்டோவைவிட நரேன் வல்லவர் என்று தீர்ப்பளிக்க முடியாதுதான். ஆயினும் இது பூட்டிப் பார்த்த சான்று. மற்றது பூட்டாமல் பேசிய பேச்சு.

அந்த அணி வண்டியின் தரத்தையும் சொல்லியாக வேண்டும். மிக வேகமான ஓட்டி ஒரு சுற்றுக்கு 100 நொடி எடுத்தால், 107 நொடிக்குள் சுற்ற முடியாதவர் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று ஒரு விதி. 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவத்தின் முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில் அவ்வணியின் இரு வண்டிகளுமே இந்த வரம்பைத் தாண்ட முடியாமல் வெளியேறின. அவ்வணி ஒரு புள்ளியும் பெறாமலே 2012 முடிவில் கலைந்துபோயிற்று. நொண்டி மாட்டைப் பூட்டிய வண்டியில் அமர்ந்த சாரதியின் திறமையைக் கரையில் நிற்பவர் எப்படிக் காண்பார்?

அந்த 2012-இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. மலேசியப் பந்தயத்தில் ஒரு சுற்று முன்னேறி வந்த செபாஸ்டியன் வெட்டல், நரேனைக் கடக்கும்போது இரு வண்டிகளும் உரசின. நான்காம் இடத்திலிருந்த வெட்டலின் டயர் கிழிந்தது. பதினொன்றாம் இடத்துக்குச் சரிந்து, கைக்கு எட்டிய 12 புள்ளிகளை இழந்தார். நடுவர்கள் நரேன்மீது குற்றம் கண்டு 20 நொடி தண்டனை விதித்தார்கள். சினம் பொறாத வெட்டல் நரேனை வெள்ளரிக்காய் என்று ஏசினார். அவர் தாய்மொழியான ஜெர்மானியத்தில் அது வசை போலும். மணப்பாறைக் கோடையை அறிந்த எங்களுக்கு வெள்ளரிக்காயை வசைச்சொல்லாகக் கொள்ள மனம் வருவதில்லை. பருவ முடிவில் வெட்டல் 281, பெர்னாண்டோ அலோன்சோ 278. மூன்றே புள்ளி! மலேசியாவில் வென்ற அலோன்சோ எங்கேனும் நான்கு புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தால், உலகப் பட்டத்தின் திசையை ஒரு கோவைக்காரர் மாற்றினார் என்ற பேச்சு இன்றளவும் நின்றிருக்கும்.

நுகத்துணை அளவுகோலும் குற்றமற்றதன்று. ஒரே அணியின் இரு வண்டிகளும் எப்போதும் சமமாக நடத்தப்படுவதில்லை. புதிய உறுப்பு ஒன்று உருவானால் அது பெரும்பாலும் முதல் ஓட்டிக்கே முதலில் போய்ச் சேரும். 2002-இல் ஆஸ்திரியாவில் முன்னே ஓடிய பாரிக்கெல்லோவை, ஷூமாக்கருக்கு வழிவிடும்படி ஃபெராரி அணி ஆணையிட்டது. அவரும் இறுதிக் கோட்டருகே வேகம் தணித்தார். கூடியிருந்த மக்கள் கூச்சலிட்டு இழித்தார்கள். மேலும், இடப்புறம் பழகிய மாட்டை வலப்புறம் பூட்டினால் அது தடுமாறும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். முன்னே சொன்ன ரிக்கார்டோ 2021-இல் மக்லாரன் அணிக்கு மாறினார். மான்சாவில் ஒரு பந்தயத்தை வென்றும், அவ்வண்டியில் நெடுநாள் பழகிய லாண்டோ நாரிஸுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2022 முடிவில் வெளியேறினார். ஓட்டி அதே ஓட்டிதான், நுகம் வேறு.

வண்டியெல்லாம் ஒன்றாக இருந்தால் வழக்கே தீர்ந்துவிடுமே என்பீர்கள். அப்படியும் ஒரு பந்தயம் சில ஆண்டுகள் நடந்தது. நாட்டுக்கு ஓர் அணி. அணிகளுக்கெல்லாம் ஒரே வகை வண்டி. ஏ ஒன் என்பது அதன் பெயர். அதில் நரேன் 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாய் தடத்திலும், 2008-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்திலும் முதலிடம் பெற்றார். இண்டியானாபொலிஸைப் பற்றித் தொண்டை வற்றப் பேசும் இரு கட்சியாரும் இவ்விரு வெற்றிகளைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. புகழ்பெற்ற மேடையில் கிடைத்த தோல்வி, சிறு மேடையில் கிடைத்த வெற்றியைவிட உரக்க ஒலிக்கிறது போலும்.

எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும்போது, மாட்டின் உரிமையாளர் பெயரோடு சாரதியின் பெயரையும் சேர்த்தே ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். ஃபார்முலா ஒன்னின் இரட்டைப் பட்டத்தை அறிந்து அவர்கள் அப்படிச் செய்யவில்லை. வண்டியின் பின்னே ஓடிப் பார்த்தவர்களுக்கு அது தானாகத் தோன்றிய முறை.

மாணவ நண்பர்களே, அடுத்த பருவம் வழக்கம்போல் மார்ச் மாதத்தில் தொடங்கும்போது ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்தை விட்டுவிடுங்கள், அதைச் செய்தித்தாளே சொல்லிவிடும். நடுவில் ஓடும் ஏதேனும் ஓர் அணியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தகுதிச் சுற்றிலும் அதன் இரு ஓட்டிகள் எடுத்த நேரத்தையும், அன்று மழை பெய்ததா, யாருக்குப் புதிய உறுப்பு கிடைத்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். அடுத்த கார்த்திகையில் தேநீர்க் கடைக்கு வரும்போது அந்த ஏட்டையும் கையோடு கொண்டுவாருங்கள்.