பதரும் மணியும்

(கிளிநொச்சியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிலே சினிமா விமரிசகர் ஒருவரைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் வினவக்கூடும். தீர்ப்புச் சொல்லும் துணிவற்ற மக்களுக்கு வாக்குரிமை இருந்தும் பயனில்லை. அதனாலேயே பேசுகின்றோம்.

1935இல் ‘பக்த நந்தனார்’ படம் வெளிவந்தது. கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்து எடுத்த படம். ஊரெல்லாம் அந்த இலட்சத்தையே பேசிற்று. அப்போது ‘ஆனந்த விகட’னில் ஆசிரியப் பொறுப்பிலிருந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியோ, படத்திலே பனைமரமும் எருமையுமே நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருள்பட எழுதிவிட்டார்!

இரணைமடு நீர் பாய்ச்சி நெல் விளைவிக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். மூட்டையின் விலையைக் கேட்டு நாம் நெல்லை மதிப்பதில்லை. கையில் அள்ளி ஊதிப் பார்க்கின்றோம். பதர் பறக்கும், மணி நிற்கும். கல்கி செய்ததும் அதுவே.

ஆனால் 1939இல் அவருடைய ‘தியாகபூமி’யே கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமாயிற்று. விகடனில் கதை தொடராக வந்தபோதே படக்காட்சிகளும் உடன் அச்சாயின. கணவனோடு வாழ மறுத்து, அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்திற் கூறும் பெண்ணின் கதை அது. 1940இல் ஆங்கில அரசு அப்படத்தைத் தடைசெய்தது. அரசு அஞ்சிய படைப்பு என்பது பெருமையே. ஆயினும், கதாசிரியரே பத்திரிகாசிரியராயும் இருக்கையில், அந்தப் படத்தை அவருடைய ஏட்டில் ஊதிப் பார்ப்பவர் யார்? தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்பது சட்டத்தின் பாலபாடம்.

1941இல் அவர் சதாசிவத்துடன் கூடிக் ‘கல்கி’யைத் தொடங்கினார். எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியமே அதற்கு முதலாயிற்று. சினிமாவின் இலட்சத்துக்கு மயங்காத பேனா, சினிமாப் பணத்தினாலேயே சொந்த ஏடு கண்டது! இதை நாம் குற்றமென்று கூறவில்லை. ஏட்டுக்கு முதல் வேண்டும். அது வந்த வழியை வாசகர் அறிந்திருக்கவும் வேண்டும்.

இனி நம்மை நோக்குவோம். மாற்றுக் கட்சியாரின் பேச்சிலே பதர் தேடுகின்றோம். நம்மவர் பேச்சையோ ஊதிப் பாராமலே களஞ்சியத்திற் சேர்க்கின்றோம். 2009இல் அனைத்தையும் இழந்து, பின்னர் வெறுங்கையோடு மீண்டு வந்து நிலந்திருத்திய வன்னி மக்களிடம் வாக்குறுதி சுமந்து வருவோர் பலர். அவர்கள் எல்லோரையும் ஊதிப் பாருங்கள். எங்களையும் விட்டுவிடாதீர்கள். எங்களிடத்துப் பதர் கண்டால் அதை எங்கள் ஏட்டுக்கே எழுதியனுப்புங்கள். அதை அச்சிட மறுக்கும் நாளில், இந்த மேடையில் நின்று பேசும் தகுதி எங்களுக்கு இல்லை.