கூரையைப் பிரித்த நால்வர்



மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நாகும் ஊரில் ஒரு வீட்டைக் காண்கிறோம். வீடு நிறைய மக்கள். வாசலிலும் இடமில்லை. முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். குணமளிக்கும் ஆண்டவர் உள்ளேதான் இருக்கிறார். ஆனால் அவரிடம் போய்ச் சேர வழியில்லை.

நமது வன்னிக் கிராமங்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். போர் 2009இல் முடிந்தது. எறிகணையிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்களுக்கு அது இன்னும் முடியவில்லை. அவர்களுக்கு உதவி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதத்தின் பெயரே அந்த நிலையத்தின் பெயர். அந்தப் பாதத்தோடு செருப்பில்லாமல் வயலில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், சப்பாணி கட்டியும் இருக்கலாம். நம்மைப் போன்ற மக்களின் வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்ட பாதம் அது.

ஒருமுறை கால் கிடைத்துவிட்டால் போதும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கால் வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உடல் மெலிந்தாலும் பருத்தாலும் உறை பொருந்தாது, உரசிப் புண்ணாகும். அப்போது செயற்கைக் கால் வீட்டு மூலைக்குப் போய்விடும். மனிதர் மறுபடியும் ஊன்றுகோலைத் தேடுவார்.

திரும்பப் போய்ச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். பஸ் மாறி மாறிப் போக வேண்டும். அளவெடுக்க, பொருத்த, நடந்து பழக நாட்கள் செல்லும். அந்த நாட்களின் கூலி போய்விடும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் ஒரு தாய் பிள்ளைகளை யாரிடம் விட்டுச் செல்வாள்? வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். கால் இலவசமாகவே கிடைத்தாலும், அதனிடம் போய்ச் சேரும் வழி இலவசமல்ல.

அன்பானவர்களே, கப்பர்நாகும் ஊரின் அந்த நால்வருக்கும் நோய் தீர்க்கும் வல்லமை இருக்கவில்லை. தோள் இருந்தது. வழி அடைபட்டபோது கூரையைப் பிரிக்கும் துணிவு இருந்தது. அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டே ஆண்டவர் அந்த மனிதரிடம் பேசினார் என்று நற்செய்தி சொல்கிறது.

உங்கள் பங்கில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய செயற்கைக் கால் இப்போது பொருந்துகிறதா? இந்த வாரம் ஒரு வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ஒருவர் வாகனம் தரலாம். ஒருவர் கூடப் போகலாம். ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஓர் அன்பியம் சேர்ந்து அந்த நாட்களின் கூலியைக் கொடுக்கலாம். நான்கு பேர் போதும்.

சுமந்து கொண்டுவரப்பட்டவர் அன்று தம் படுக்கையைத் தாமே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நம் ஊரிலும் அப்படி நடப்பவர்களைக் காணும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.