பொழுதுபட்டால் தடுமாறும் பிள்ளை



பொழுதுபட்டதும் கதவுநிலையில் இடித்துக்கொள்ளும் பிள்ளையை, முற்றத்துக்கு வராமல் விளக்கடியிலேயே ஒதுங்கும் பிள்ளையை, "கவனமில்லை" என்று நாம் ஏசிவிடுகிறோம். மற்றவர்களுக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்பதை அப்பிள்ளை அறியாது. அது மாலைக்கண்ணாக இருக்கலாம்.

மங்கிய ஒளியில் பார்க்க உதவுபவை விழித்திரையின் கோல் கலங்கள். அவற்றிலுள்ள றொடொப்சின் என்ற நிறப்பொருள் உருவாக விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் இரவுப் பார்வை மங்கும். கவனியாது விட்டால் கண் வரண்டு, கருவிழி புண்பட்டு, பார்வையே போகலாம். தொடக்கத்திலேயே சிகிச்சை கொடுத்தால் சில நாட்களில் தெளிந்துவிடும்.

சின்னமுத்தும் நீடித்த வயிற்றோட்டமும் உடலிலுள்ள சேமிப்பைக் கரைக்கும். அந்த நாட்களில் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முட்டை, ஈரல், முருங்கையிலை, பொன்னாங்காணி, பப்பாசிப்பழம், கரட் எல்லாம் நமக்குக் கிடைப்பவைதான். முருங்கையிலை வறைக்குப் போடும் தேங்காய்ப்பூ சுவைக்கு மட்டுமல்ல. கொழுப்புடன் சேர்ந்தால்தான் இச்சத்தை உடல் நன்கு உறிஞ்சும். ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கொருமுறை கிளினிக்கில் தரும் விற்றமின் ஏ மருந்தையும் தவறவிடக்கூடாது.

ஆனால் குளிசையை நாமாக வாங்கிக் கொடுக்கக்கூடாது. அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு. கர்ப்பிணிகளின் கருவுக்கும் ஆபத்து. குறும்பார்வை, கண்புரை, பரம்பரை விழித்திரை நோய்களாலும் இரவுப் பார்வை குறையலாம். காரணத்தை வைத்தியர் கண்டறியட்டும்.

பிள்ளையை ஏசுமுன் கண்ணைக் காட்டுவோம்.