கல்லாவில் உட்காரவும் கற்க வேண்டும்!

(தலைப்பு: கடைத்தொழிலில் உயர்வு தருவது அனுபவமே! படிப்பே! - ‘படிப்பே’ என்ற அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “எங்க தெருமுனையில மளிகைக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி எந்தக் காலேஜ்ல எம்.பி.ஏ. படிச்சார்?”னு கேட்டார. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல கேள்வி. பதில் சொல்லட்டுமா?

அண்ணாச்சி படிச்சார் ஐயா! பன்னிரண்டு வயசுல நெல்லைச் சீமையிலேர்ந்து பஸ் ஏறி, சொந்தக்காரர் கடைக்கு வந்தார். முதல் வருஷம் கடை கூட்டினார். அடுத்த வருஷம் பொட்டலம் மடிச்சார். அப்புறம் தராசு பிடிச்சார். அப்புறம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்தார். பத்து வருஷம் கழிச்சுத்தான் முதலாளி அவரைக் கல்லாப்பெட்டிகிட்ட விட்டார். அரிசி மூட்டைக்கு நடுவுல படுத்துத் தூங்கினாரே, அதுதான் ஹாஸ்டல்! பத்து வருஷப் படிப்பு. பட்டம் மட்டும்தான் கொடுக்கலை. (கைதட்டல்)

ஆக, அனுபவம் என்று நீங்கள் பெயர் வைத்தீர்களே, அதுவும் ஒரு படிப்புதான். ஆனால் அந்தக் கல்லூரியில் யாருக்கு இடம் கிடைத்தது? சொந்தக்காரப் பையனுக்கு. தெரிந்தவர் மகனுக்கு. மற்றவர்களுக்கு? அது மட்டுமா? பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது இன்றைக்குச் சட்டப்படி குற்றம். அந்தப் பழைய கல்லூரி மூடப்பட்டுவிட்டது. மூடப்பட்டதும் நல்லதுதான். அப்படியானால் அந்தப் பாடத்தை இனி எங்கே கற்பது? அதைத்தான் பி.பி.ஏ. என்றும், பி.வோக். என்றும், டிப்ளமோ என்றும், எம்.பி.ஏ. என்றும் கல்லூரியில் வைத்திருக்கிறார்கள். பெயர், ரீடெயில் மேனேஜ்மென்ட். தமிழில், சில்லறை வணிக மேலாண்மை.

‘சில்லறை’ என்றதும் எதிரணியில் ஒருவர் சிரித்தார். சிரிக்காதீர்கள் ஐயா. நோட்டை நீட்டினால் சில்லறைக்குத்தான் தெருத் தெருவாய் அலைகிறோம்! நமக்குத் தமிழில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ‘கல்லா’ என்றால் கடையில் பணப்பெட்டி. ‘கல்லா’ என்றால் இலக்கியத்தில் படிக்காத என்று பொருள். கல்லாவில் உட்காரக் கல்லாமை போதும் என்கிறது எதிரணி. கல்லாவில் உட்காரவும் கற்க வேண்டும் என்கிறோம் நாங்கள். (பலத்த கைதட்டல்)

என்ன கற்க வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 80 ரூபாய்க்கு ஒரு பொருளை வாங்குகிறீர்கள். 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள். லாபம் எத்தனை சதவீதம்? 25 என்கிறார் முன்வரிசைப் பெரியவர். சரிதான், போட்ட முதலுக்கு 25 சதவீதம். ஆனால் விற்ற விலைக்கு? 20 சதவீதம்தான். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர், “லாபம் 25 சதவீதம் இருக்குல்ல, அதையே ஆடித் தள்ளுபடியா கொடுத்துடுவோம்”னு போர்டு மாட்டினார் என்று வையுங்கள். பொருள் 75 ரூபாய்க்குப் போகும். ஒவ்வொன்றிலும் 5 ரூபாய் நஷ்டம்! கூட்டம் அலைமோதும். ஆடி முடியும்போது கடையே தள்ளுபடி ஆகிவிடும். (சிரிப்பு)

இன்னொரு கணக்கு. கடையில் ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு. ஒருவர் 30 சதவீத லாபம் வைக்கிறார். வருஷத்துக்கு மூன்று தடவைதான் சரக்கு விற்றுத் திரும்புகிறது. கிடைப்பது 90,000. பக்கத்துக் கடைக்காரர் 10 சதவீதம்தான் வைக்கிறார். மாதம் ஒரு தடவை சரக்கு தீர்கிறது. வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை. கிடைப்பது 1,20,000! லாபம் குறைவு, வரவு அதிகம். அண்ணாச்சிக்கு இது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் ஸ்டாக் டர்ன்ஓவர். பத்து வருஷத்தில் ஊறுவதைப் பத்து வகுப்பில் புரியவைக்க முடியும் என்றால், அது வேண்டாமா?

எதிரணிச் சகோதரி, வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் கடையிலேயே தொழில் கற்றவர் என்றார். பாதிதான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன். அவர் 1940-ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகுதான் ஜே.சி. பென்னி கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வால்மார்ட் பிறந்தது 1962-ல். படிப்பு முன்னே, கடை பின்னே!

அமெரிக்காவிலேயே இன்னொருவர், கிளாரன்ஸ் சாண்டர்ஸ். அதுவரைக்கும் கடைக்குப் போனால் சிட்டையைக் கொடுப்போம், கடைக்காரப் பையன் எடுத்துக் கொடுப்பான். சாண்டர்ஸ் 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் ஒரு கடை திறந்து, “கூடையை எடுங்க, உள்ளே போங்க, வேண்டியதை நீங்களே எடுத்துக்கோங்க”ன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது நம் கஷ்டகாலம்! ஒரு சோப்பு வாங்கத்தான் நானும் என் மனைவியும் போனோம். திரும்பும்போது ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. பட்டியலில் இல்லாதது எல்லாம் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சோப்பு மட்டும் இல்லை! (சிரிப்பு)

ஏன் அப்படி? அன்றாடம் வேண்டிய பொருளைப் பல கடைகளில் உள்ளே தள்ளி வைப்பார்கள். அதை எடுக்க நடக்கிற வழியெல்லாம் மற்ற பொருள்கள் நம்மைக் கூப்பிடும். லாபம் கூடுதலாக உள்ளதைக் கண்ணுக்கு நேரே வைப்பார்கள். பிள்ளைகளின் மிட்டாயைப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில், அதுவும் பில் போடுகிற இடத்தில் வைப்பார்கள். அலமாரியே பேசாத விற்பனையாளர். அந்த அலமாரியைப் பேசவைக்கத் தெரிந்தவருக்கு விஷுவல் மெர்ச்சண்டைசர் என்று பெயர். அது ஒரு தனி உத்தியோகம்.

பெற்றோர்களே, உத்தியோகங்களை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு எந்தச் சரக்கு, எவ்வளவு, என்ன விலைக்கு என்று முடிவுசெய்கிற கொள்முதல் வேலை ஒன்று. சோப்பு முழுவதும் உன் பொறுப்பு, பருப்பு முழுவதும் உன் பொறுப்பு என்று ஒரு வகையையே ஒப்படைக்கிற கேட்டகரி மேனேஜர் வேலை ஒன்று. கிடங்கில் முதலில் வந்தது முதலில் போகிறதா, எது காலாவதி ஆகப்போகிறது என்று பார்க்கிற சரக்கு நிர்வாகம் ஒன்று. திருட்டும் சேதாரமும் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை ஒன்று. ஒரு கடைக்கு ஸ்டோர் மேனேஜர். பல கடைகளுக்கு ஏரியா மேனேஜர். இப்போது செல்போனிலேயே கடை நடக்கிறது. அதற்குப் பின்னாலும் இதே வேலைகள்தான்.

உடனே எதிரணி கேட்கும்: “1997-ல் சென்னையில் தொடங்கி, நாடு முழுக்க 1,600 கடை வரை வளர்ந்த சுபிக்ஷா 2009-ல் மூடிப்போச்சே! தொடங்கியவர் பெரிய மேலாண்மைக் கல்லூரியில் படித்தவர்தானே?” நியாயமான கேள்வி. ஓடி ஒளிய மாட்டேன். சம்பளத்துக்கும் வாடகைக்கும் சரக்குக்கும் கையில் பணம் இல்லாமல் போனது, கடைகள் நின்றன. கையில் வருகிற காசைவிட வேகமாய்க் கிளை பரப்பாதே என்பது இந்தப் படிப்பின் அரிச்சுவடி. அரிச்சுவடியை மீறினால் தப்பு அரிச்சுவடியுடையதா?

படித்தவுடன் நாற்காலி என்றும் நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் முதல் நாளே நிற்க வேண்டும். ஊரே தீபாவளி கொண்டாடும்போது இவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் மட்டும்தான். தாங்கும் மனசு வேண்டும். சேர்வதற்கு முன்னால் கல்லூரியில் ஒன்று கேளுங்கள்: “எத்தனை மாசம் கடையில பயிற்சி?” பதில் வராவிட்டால் வேறு கல்லூரி பாருங்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்க முடியாது.

நடுவர் அவர்களே, நிறைவாக ஒன்று. இதுதான் என் வாதத்தின் உயிர்.

ஒரு ஜவுளிக் கடை. சேலை எடுத்துப் போடுகிற ஒரு பெண். இருபது வருஷமாய் நிற்கிறாள். எந்த மாசம் எந்த நிறம் போகும், எந்த அம்மா வாங்குவார், எந்த அம்மா நூறு சேலை புரட்டிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலாளி மகனைவிட அனுபவம் அவளுக்குத்தானே அதிகம்? அனுபவம் ஒன்றே உயர்வு தரும் என்றால், அவள் இந்நேரம் மேனேஜர் ஆகியிருக்க வேண்டாமா? ஏன் ஆகவில்லை? சேலை அவள் கைக்கு வந்தது. கணக்குப் புத்தகம் அவள் கைக்கு வரவில்லை! (பலத்த கைதட்டல்)

கடையில் நிற்பவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. கால் வலிக்கு அந்த நாற்காலி போதும். வாழ்க்கைக்கு? அவளுடைய அனுபவத்தோடு இரண்டு வருஷப் படிப்பைச் சேர்த்துப் பாருங்கள். கொள்முதலில் அவளை அடிக்க ஆள் உண்டா? அவளால் படிக்க முடியாவிட்டாலும் அவள் மகள் படிக்கட்டும். மகள் மேனேஜர் நாற்காலியில் உட்காரட்டும். கடை முதலாளிக்குப் பிறக்காத பிள்ளைக்கும் கடையின் ரகசியத்தைச் சொல்லிக்கொடுப்பது பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான். அனுபவம் பரம்பரையாய் வரலாம். படிப்பு எல்லார்க்கும் வரும்.

“பையன் கடையில வேலை பாக்கறான்னு சொன்னா பொண்ணு கிடைக்குமா?” என்று தயங்குகிற தாய்மார்களே! பகல் கடைக்கு நாளங்காடி, இரவுக் கடைக்கு அல்லங்காடி என்று பெயர் வைத்து, மதுரைக்காஞ்சியில் கொண்டாடிய இனம் நம் இனம். மணிமேகலைக் காப்பியம் தந்த சீத்தலைச் சாத்தனாருக்கு ஊர் வைத்த பெயர் என்ன தெரியுமா? மதுரைக் கூலவாணிகன். தானிய வியாபாரி! தராசு பிடித்த கைதான் காப்பியம் எழுதியது. கடையும் படிப்பும் பகை என்று யார் சொன்னது?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிட்டேன். அனுபவம் என்கிற சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அதற்கு விலை போட்டுக் கொடுப்பது படிப்பே, படிப்பே என்று தீர்ப்பு வழங்குங்கள்.