ஊராருக்குத் தீத்தடுப்புப் பயிற்றுவிக்கும் முறை

(ஊராட்சிகளின் பயிற்றுநர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



தீயணைப்பு நிலையம் வட்டத் தலைநகரில் இருக்கிறது. வண்டி எவ்வளவு விரைந்து வரினும், கூரை வீடொன்று எரிந்து சாம்பலாக அவ்வளவு நேரம் வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் கீற்றுக் கூரை தீப்பற்றியதில் 94 குழந்தைகள் மாண்டனர். ஆதலின், முதற் சில நிமிடங்களில் செய்யவேண்டியதை ஊராரே அறிந்திருத்தல் வேண்டும். அதனைக் கற்பிக்கும் பொறுப்பு உங்களுடையது.

உங்கள் மாணாக்கர் சிறுவர் அல்லர். ஐம்பது ஆண்டுகளாக அடுப்பு மூட்டிவரும் மூதாட்டிக்கு, நெருப்புச் சுடும் என்று பாடஞ்சொல்லப் புகுவது நகைப்புக்கிடமாகும். ஆகவே, பேச்சைத் தொடங்காமல் கேள்வியைத் தொடங்குங்கள். "சென்ற முறை வைக்கோற்போர் எரிந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பலரும் வாய் திறப்பர். ஈரவைக்கோலை அடுக்கினால் போரின் உட்புறம் சூடேறிப் புகையும் என்பதை உழவர் ஒருவர் சொல்லுவார். அதை அவரே சொல்லட்டும். நாம் சொல்வதினும் அதற்கு மதிப்பு மிகுதி.

தவறானவையும் வரும். தீப்புண்ணுக்கு மையோ மாவோ பூசியதாக ஒரு பெரியவர் கூறுவார். அவரைச் சபையில் மறுத்துரைத்தால் அடுத்த வகுப்புக்கு அவர் வரமாட்டார். அவர் தெருவாரும் வரமாட்டார்கள். கைக்குக் கிடைத்ததைப் பூசிய காலம் அது என்று ஒப்புக்கொண்டு, சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஓடவிட்டால் சூடு உள்ளே இறங்காமல் தடைப்படும் என்பதை விளக்குங்கள். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் நீர் ஊற்றலாகாது என்பதும் அவ்வாறே. நீர் எண்ணெயின் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை மேலே வாரி இறைக்கிறது. காரணம் விளங்கினால் கை தானே மூடியைத் தேடும். ஆனால் இதைச் செய்து காட்ட வேண்டா, சொன்னாலே போதும்.

வகுப்பை நடவு, அறுவடை நாட்களில் வைக்காதீர்கள். தாமதித்து வருவோரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெண்கள் பின்புறம் சுவரோரமாக உட்காருவர். அடுப்பும் எரிவாயு உருளையும் அவர்கள் கையிலேயே உள்ளமையால் அவர்களை முன்னே அமர்த்துவது முதல் வேலை. எல்லாக் கேள்விக்கும் தாமே விடை கூறும் ஒருவர் எவ்வூரிலும் உண்டு. அவரிடம் மணல் வாளிகளின் பொறுப்பை ஒப்படைத்துவிடுவது நலம்!

பேச்சு அரைமணிக்கு மேற்பட வேண்டா. பின்னர் எல்லோரும் வெளியே வரட்டும். வைக்கோற்போருக்கும் வீடுகளுக்கும் எட்டத்தில், நீரும் மணலும் முதலில் வைத்துக்கொண்டு, தகரத் தட்டில் சிறு தீ மூட்டுங்கள். நிலைய வீரர் ஒருவர் உடனிருத்தல் அவசியம். காற்று முதுகுப்புறமிருக்க நின்று, ஊசியை நீக்கி, தீயின் அடியை நோக்கித் தீயணைப்பானைப் பக்கவாட்டில் வீசவேண்டும். சுடரின் நுனிக்கு வீசுபவர் கையில் சில விநாடிகளில் வெறும் உருளையே மிஞ்சும். பத்துப் பேருக்கு மிகாத குழுவாக நிறுத்தி, ஒவ்வொருவரும் அதைக் கையில் பிடிக்கும்படி செய்யுங்கள். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிளோட்டக் கற்பித்தது மிதித்துப் பார்க்க விட்டன்றோ!

தொலைபேசிப் பழக்கமும் வேண்டும். 101 என்ற எண்ணை அறிந்தவர் பலர், "எங்கிருந்து பேசுகிறீர்?" என்று கேட்டதும் தடுமாறுபவரும் பலரே. ஊர், தெரு, எளிதில் தெரியும் அடையாளம், வண்டி நுழையும் பாதை ஆகியவற்றை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்லட்டும். எரிவாயுக் கசிவுக்கு 1906. அவ்வாயு காற்றினும் கனமாகையால் தரையோரம் தங்கும். மின்விசையைத் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறிய பின்னரே அழைக்கவேண்டும்.

தீத்தொண்டு வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை. ஒவ்வோர் ஊராட்சியும் தனக்கேற்ற நாளையும் மாலை நேரத்தையும் எழுதி இன்றே எம்மிடம் தருமாறு வேண்டுகிறோம்.