தந்தை பெயரும் தலைமுறைச் சான்றும்

உக்ரைன் நாட்டின் பெருங்கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ, 1814-ஆம் ஆண்டிற் பண்ணையடிமைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயரின் ஓசை நம் செவிக்குப் புதிது, பொருளோ புதிதன்று. ‘ஷ்வெத்ஸ்’ என்பது அம்மொழியிற் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும். ‘என்கோ’ என்பது மகன் என்னும் பொருள் தரும் ஈறு. எனவே, ஷெவ்சென்கோ என்றால் செருப்புத் தைப்பவர் மகன். அவ்வாறே பெத்ரோவின் மகன் பெத்ரென்கோ. இவானின் மகன் இவானென்கோ. ஒருவருடைய தந்தையைச் சுட்ட எழுந்த சொல், காலப்போக்கில் மாறாத குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

தமிழர்க்கும் இம்மரபு உண்டு. சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். கணக்காயர் என்பார் ஆசிரியர். அங்கே செருப்புத் தைப்பவர் மகன். இங்கே ஆசிரியர் மகன். சாத்தன் மகனாகிய கொற்றனைச் சாத்தங்கொற்றன் என வழங்குவதற்குத் தொல்காப்பியம் விதியே வகுத்துள்ளது.

ஆயினும், ஒரு வேறுபாடு உண்டு. தமிழிலே தந்தை பெயர் உறைந்து நிற்பதில்லை. அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் முத்தையாவின் மகன் கறுப்பையா என்று கொள்வோம். அவர் முத்தையா கறுப்பையா ஆவார். அவர் மகன் கறுப்பையா செல்லையா. பேரனோ செல்லையா ராமையா. பேரனின் பெயரிலே முத்தையாவைக் காண முடியாது. மகளின் பெயரிலும் திருமணத்தின்பின் தந்தை பெயர் நீங்கிக் கணவன் பெயர் வந்து சேர்வதுண்டு.

வீட்டு வழக்கில் இதனால் இடரில்லை. ஆனால், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்தவரிடமும் சான்று கேட்டது. தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். தாய்வழி கணக்கில் வரவில்லை. கொழுந்து பறித்த கைகளிடம் மூன்று தலைமுறைப் பத்திரங்களுக்கு எங்கே போவது? குறை பெயரில் அன்று, சட்டத்திலேயே இருந்தது. எனினும், ஒரு தலைமுறைக்கு அப்பால் எட்டாத பெயர், பத்திரம் இல்லாதவருக்குத் துணை நிற்கவும் இயலவில்லை.

1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றவராகக் கணக்கிட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னரே தீர்மானிக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது.

உரிமை கிடைத்தபின்னும் விழிப்பு வேண்டும். தந்தையின் அடையாள அட்டையில் உள்ள பெயரே, எழுத்துப் பிசகாமல், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் பாடசாலைப் பதிவேட்டிலும் இடம்பெறல் வேண்டும். ‘முத்தையா’ ஓரிடத்தில் ‘முத்து’ என்று நின்றால், ஒரே மனிதர் ஏட்டில் இருவராகிவிடுவார்.

தந்தை பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே சொல்வது நம் பழைய பண்பாடு. அதனைக் கைவிட வேண்டியதில்லை. பிழையின்றி எழுதிவைத்தாற் போதும்.